புகைக்குழாயில் நான் வைத்த தகடு

என் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் தகட்டின் மேல் சாக்பீஸால் போட்ட அளவுகள்தான். இப்படிப்பட்டவன் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுவது அதிகப்படி என்று எனக்கே தெரிகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரேஷன் கடையில் என் முறை வந்த பிறகும் பின்னால் நிற்கிறவரை முன்னால் விட்டுவிட்டு நிற்கிற ஆள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது.

ஆனால் மன்னிப்புக் கேட்பது எழுதுவதற்கு மட்டும்தான். அந்த லாட்ஜில் அன்றைக்கு நான் செய்ததற்கு இல்லை. "புத்தி கெட்டுப் போய் உடைச்சிட்டான்" என்று சொல்கிறவர்கள் விருத்தாசலத்தில் இன்னமும் இருக்கிறார்கள். புத்தியோடுதான் உடைத்தேன்.

சூளைகளுக்குப் புகைக்குழாய் செய்து மாட்டுவது என் தொழில். பீங்கான் கம்பெனிகளில் விறகுச் சூளை போய் எண்ணெய்ச் சூளை வந்தது, அப்புறம் கேஸ் சூளை வந்தது. எது எரிந்தாலும் புகை வெளியே போயாக வேண்டும், அதற்கு என்னைக் கூப்பிட்டாக வேண்டும். எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் வர ஆரம்பித்திருந்த வருஷங்களில், ஒரு கம்பெனி முதலாளி ஜங்ஷன் போகிற ரோட்டில் மூன்று மாடிக்கு ஒரு லாட்ஜ் கட்டினார். அவர் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். அங்கே போய்வந்தபோது ஏதோ ஒரு ஓட்டலின் முன்ஹாலில், சுவருக்குள் தீ எரிவதையும் ஜனங்கள் அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பதையும் பார்த்துவிட்டார். அதே மாதிரி கேஸில் எரிகிற கணப்பு ஒன்று தன் லாட்ஜிலும் இருக்க வேண்டும் என்றார். ஃபயர்பிளேஸ் என்று அவர் சொன்னார். ஊரில் எல்லாரும் அதை அடுப்பு என்றுதான் சொன்னார்கள்.

அது சித்திரை மாதம். டீக்கடையில் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஏம்பா, கத்திரி வெயில்ல குளிர்காய அடுப்பு கட்டறியாமே?"

"அதுக்குத்தான்யா ஏசி போட்டுருக்காரு. மொதல்ல ஆளைக் குளிர வச்சி, அப்புறமா அடுப்புல காட்டுவாங்க."

"அதுக்கு ரோட்டுலயே நின்னுட்டா ரெண்டு செலவும் மிச்சமாச்சே!"

நானும் சிரித்தேன். டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் பர்னரும் வரைபடமும் கொண்டுவந்தார். தீயின் மேல் அடுக்கும் விறகுக்கட்டைகள் நிஜ விறகு இல்லை, பீங்கான். முதலாளியின் கம்பெனியிலேயே அச்சு போடும் பெண்கள் செய்தது. மரப்பட்டையின் கோடுகளைத் தலை வாருகிற சீப்பால் கீறியிருந்தார்கள். கிட்டே போய்த் தொட்டால்தான் பீங்கான் என்று தெரியும். அடுப்புக்கு மேலே சுவரை மூடி, ஒரு தாமரைக் குளம் மாதிரி டைல்ஸ். சூளையில் இரண்டு தடவை வெடித்து மூன்றாவது தடவைதான் ஒழுங்காக வந்தது அது. முதலாளிக்கு அதன் மேல் உயிர்.

புகைக்குழாய் அந்தத் தாமரைக் குளத்துக்குப் பின்னால் மேலே ஏறி, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் படுத்து, பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். எட்டு அங்குலக் குழாய். வரைபடத்தில் அவ்வளவுதான் இருந்தது. டேம்பர் இல்லை.

டேம்பர் என்பது குழாய்க்குள் நிற்கிற ஒரு வட்டத் தகடு. வெளியே ஒரு கைப்பிடி இருக்கும். கைப்பிடி குழாயோடு நேராக நின்றால் வழி திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. எங்கள் ஊர்ச் சூளை ஒவ்வொன்றிலும் அது உண்டு. பீங்கான் சாமான் வெந்து முடிகிற நேரத்தில் தீயைக் குறைத்ததும் டேம்பரைச் சாத்திவிடுவார்கள். சாத்தாவிட்டால் குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து சாமானெல்லாம் வெடித்துப் போகும். சூளை இருப்பது நாலு பக்கமும் திறந்த கொட்டகை. டேம்பரைச் சாத்தினால் திரும்பி வருகிற புகை காற்றோடு போய்விடும், யாருக்கும் ஒன்றும் ஆகாது.

டேம்பர் இல்லாத குழாயை நான் அதுவரை மாட்டியதே இல்லை. சென்னை ஆளுக்குச் சூளை தெரியாது, விட்டுவிட்டார் என்று நினைத்தேன். "இதில் டேம்பர் வேண்டாமா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் எப்போதும் செல்போனில் இருப்பார். குறுக்கே போய்ப் பேச எனக்குக் கூச்சம். அதனால் நானாகவே ஒன்று செய்து வைத்துவிட்டேன். டைல்ஸில் ஒரு துளை போட்டுக் கைப்பிடியை வெளியே விட்டேன். பித்தளைக் கைப்பிடி. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தேன்.

இன்ஜினியர் அதைப் பார்த்தார். "என்னங்க இது?"

"டேம்பர் சார்."

"ம். நீட்டா இருக்கு." அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் போய் மனைவியிடம் சொன்னேன்.

அடுப்பைப் பார்த்துக்கொள்ள முதலாளி ஒருவரைப் போட்டிருந்தார். அவருடைய கம்பெனியில் முப்பது வருஷம் சூளைக்குத் தீ போட்டவர். சூளையின் ஓட்டை வழியாகத் தீயைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிவிட்டது. நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். காப்பிக்கலர் யூனிஃபார்மும் தொப்பியும் கொடுத்து ஹாலில் நிற்க வைத்திருந்தார்கள்.

"லாட்ஜ் தொறந்தாச்சுன்னு நெனச்சி வரவனெல்லாம் பொட்டியத் தூக்கி என் கையில குடுக்கறான்டா. நான் அடுப்புக்காரன்னா சிரிக்கறான்" என்றார்.

ரிசப்ஷனில் ஒரு பெண். பன்னிரண்டாவது முடித்து, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, பெண்ணாடத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. லாட்ஜ் திறப்பதற்கு முன்னாலேயே பழகிக்கொள்ளட்டும் என்று வரச்சொல்லியிருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் நான் வேலை செய்த அத்தனை நாளில், "உக்காருங்கண்ணே, டீ சொல்லட்டுமா?" என்று கேட்ட ஒரே ஆள் அதுதான்.

திறப்புக்கு முன்னால் இரண்டு நாள் அடுப்பை எரியவிட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. முதல் நாள் காலையில் நான்தான் கூட இருந்தேன். சூளையில் இழுவை பார்க்க, அதாவது குழாய் புகையை இழுக்கிறதா என்று பார்க்க, நாங்கள் ஊதுபத்தி பிடிப்போம். அடுப்பின் வாயில் பிடித்தேன். புகை நூல் பிடித்தாற்போல உள்ளே போனது. தீ மஞ்சளாக எரிந்தது. சூளையில் மஞ்சள் தீ என்றால் காற்று போதவில்லை, கேஸ் முழுசாக எரியவில்லை என்று அர்த்தம். ஆனால் இங்கே மஞ்சளாக எரிந்தால்தான் விறகு மாதிரி இருக்கும் என்று இன்ஜினியர் வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார். வழி திறந்திருக்கிறது, எல்லாம் மேலே போய்விடும் என்று நானும் விட்டுவிட்டேன். ஏசியைப் போட்டு, கண்ணாடிக் கதவுகளைச் சாத்தி, தீயைச் சின்னதாக நாள் முழுக்க வைக்கச் சொன்னார் முதலாளி. ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் மதியம், பின்சுவரில் குழாயின் வாய்க்கு மழை மறைக்கிற மூடி மாட்டப் போனேன். ஏணியை எடுக்கப் பின்பக்கம் போனபோது, தண்ணீர்க் குழாயடியில் அந்தப் பெண் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. பெருக்குகிற இரண்டு அம்மாக்கள் துடைப்பத்தோடு தள்ளி நின்றிருந்தார்கள்.

"நேத்து தலவலின்னுச்சு. இன்னிக்கி இது."

"கல்யாணம் ஆவாத பொண்ணு. பஸ்ஸுல வருது போவுது. யாரு கண்டா?"

"மாங்கா வாங்கியாரட்டுமான்னு கேளுக்கா."

இரண்டு பேரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

முதலாளி கதவைத் திறந்துகொண்டு வந்தார். "நீ வூட்டுக்குப் போம்மா. நாளைக்கு விழா. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். ஒடம்பு நல்லா ஆனா சொல்லி அனுப்பு." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அது முகத்தைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தது. கண்ணெல்லாம் சிவப்பு.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. நேத்து பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள தலவலி விட்டுருச்சு. காலையில வரும்போது நல்லாத்தான் வந்தேன். உள்ள உக்காந்தா வருது. வெளிய வந்தா போயிடுது." கொஞ்சம் நிறுத்தி, "சேத்தியாத்தோப்புலேர்ந்து வந்து என்னைப் பாத்துட்டுப் போயிருக்காங்க. இந்த மாசத்துல நிச்சயம். இந்தப் பேச்சு அங்க போனா என்னண்ணே ஆவும்?" என்றது.

பையை எடுத்துக்கொண்டு வாசல் கேட் பக்கம் போய் நின்றது.

உள்ளே உட்கார்ந்தால் வருகிறது, வெளியே வந்தால் போய்விடுகிறது. ஏணியை வைத்துவிட்டு ஹாலுக்குள் போனேன். குளுகுளுவென்று இருந்தது. தீ சின்னதாக, அழகாக எரிந்தது. அண்ணன் பீடி குடிக்க வெளியே போயிருந்தார். ரிசப்ஷன் மேஜையில் பிள்ளையார் படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தி பாதி இருந்தது. அதை எடுத்து அடுப்பின் வாயில் பிடித்தேன்.

புகை உள்ளே போகவில்லை. வளைந்து என் முகத்துக்கே திரும்பி வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். பித்தளைக் கைப்பிடி குறுக்கே நின்றது.

யார் சாத்தியது என்று கேட்கவே வேண்டியதில்லை. தீயைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தார். தீயைக் குறைத்தால் டேம்பரைச் சாத்த வேண்டும், சாத்தினார். முப்பது வருஷம் அவர் கை அதைத்தான் செய்தது. கேஸ் புகை கண்ணுக்குத் தெரியாது. இரண்டு நாளாகப் புகை அத்தனையும் அடைத்த ஹாலுக்குள்தான் சுற்றியிருக்கிறது. அதில் காலையிலிருந்து மாலை வரை அசையாமல் உட்கார்ந்திருந்தது அந்தப் பெண் மட்டும்தான்.

கேஸை நிறுத்தினேன். கைப்பிடியை நேராகத் திருப்பினேன். கதவை விரியத் திறந்து வைத்தேன். ஊதுபத்திப் புகை நேராக உள்ளே போனது. அவ்வளவுதான் வேலை. யாரும் பார்க்கவில்லை. அப்படியே ஏணியில் ஏறி மூடியை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஹாலில் காற்று சுத்தமாகிவிடும். குழாயடியில் பேசிய பேச்சு சுத்தமாகாது.

முதலாளியும் இன்ஜினியரும் உள் அறையிலிருந்து வந்தார்கள். "யாரு கேஸை நிறுத்துனது?" என்றார் முதலாளி.

சொன்னேன். இரண்டு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதற்குள் அண்ணனும் வந்துவிட்டார்.

"என் டிராயிங்ல டேம்பரே இல்லையே சார்!" என்றார் இன்ஜினியர், முதலாளியைப் பார்த்து.

"இல்ல சார். நான்தான் வச்சேன். உங்களைக் கேக்கல. தப்பு என்னுது" என்றேன்.

அவர் கையிலிருந்த செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

முதலாளி சாதாரணமாகச் சொன்னார். "சரி, தெரிஞ்சி போச்சில்ல. இனிமே யாரும் மூட வேணாம். அவ்ளோதானே?"

"அண்ணன் கை மூடிடும் சார்."

"டேய்!" அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன சின்னப் புள்ளையா? மூடாதன்னா மூட மாட்டேன். பத்த வைடா, பாக்கலாம்."

பற்ற வைத்தேன். தீ பெரிதாக எழுந்தது. "கொறைங்கண்ணே" என்றேன். அவர் என்னை முறைத்துக்கொண்டே, "என்னை எத்தினி வருஷமா பாக்கற நீ? ஒரு சூளை வெடிச்சிருக்குமா என் கையில?" என்று பேசியபடி இடது கையால் கேஸைக் குறைத்தார். பேச்சு முடியவில்லை. வலது கை தானாக மேலே போய்ப் பித்தளைக் கைப்பிடியைக் குறுக்கே தள்ளியது.

இன்ஜினியர் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் தன் கையையே பார்த்தார். பிறகு அதை மெதுவாக இறக்கி யூனிஃபார்ம் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். நான் கேஸை நிறுத்தி வழியைத் திறந்தேன்.

"கம்பி போட்டுக் கட்டிடு" என்றார் முதலாளி. "விழா முடியட்டும், ஒரு வாரம் கழிச்சி மெதுவாக் கழட்டிக்கலாம். ஆனா இது வெளிய போவக் கூடாது. நாளைக்குப் பெரிய மனுஷங்க வராங்க. லாட்ஜ்ல விஷப்புகைன்னு ஒரு வார்த்தை கௌம்பினா எவன் ரூம் எடுப்பான்?"

"அந்தப் பொண்ணு சார்?"

"அதுக்கு ஒடம்பு சரியில்ல."

"ஒடம்பு நல்லாத்தான் சார் இருக்குது. வெளிய வேற மாதிரி பேசறாங்க."

"பொம்பளைங்க பேசத்தான் செய்வாங்க. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. விடுப்பா."

விடுப்பா. என் வாழ்க்கையில் எத்தனை பேர் என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள்! ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அன்றைக்குக் கால் நகரவில்லை. கம்பி போட்டுக் கட்டினால் தகடுதான் நிற்கும், பேச்சு நிற்காது. கேட்டருகே நிற்கிற பெண் பெண்ணாடம் பஸ் ஏறிவிடும். அதற்கு முன்னால் அந்தப் பேச்சு சேத்தியாத்தோப்பு போய்ச் சேர்ந்துவிடும்.

பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். வாசலுக்குப் போய், "எல்லாரும் கொஞ்சம் உள்ள வாங்க" என்று கத்தினேன். குரல் கீச்சென்று வந்தது. பெருக்குகிற அம்மாக்கள் வந்தார்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள் வந்தார்கள், எலக்ட்ரீஷியன் வந்தார். அந்தப் பெண் வாசற்படியில் நின்றது.

"இந்தப் பொண்ணுக்கு வாந்தி வந்தது இந்த அடுப்பாலதான். பொகை வெளிய போவாம ரெண்டு நாளா இங்கயே சுத்துச்சு. அதை அடைச்ச தகடு நான் வச்சது. யாரையும் கேக்காம வச்சேன். வேற ஒரு காரணமும் கெடையாது. இனிமே எவனாவது, எவளாவது வேற எதுனா பேசினா என்கிட்ட வந்து பேசுங்க."

அந்த அம்மாக்களில் ஒருத்தர், "அய்ய, நாங்க என்ன சொல்லிட்டோம்? வெளையாட்டுக்குப் பேசினது" என்றார்.

வாசற்படியிலிருந்து அந்தப் பெண், "இன்னொரு தடவ சத்தமாச் சொல்லுங்கண்ணே. பின்னால நிக்கற அக்காவுக்குக் கேக்கலையாம்" என்றது. முகத்தில் சிரிப்பில்லை.

இன்னொரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை குரல் கீச்சிடவில்லை.

பிறகு தாமரைக் குளத்தில் உளியை வைத்தேன். தகட்டை எடுக்க வேறு வழி இல்லை, குழாயின் அந்தத் துண்டு அதற்குப் பின்னால்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து மெதுவாகவும் எடுத்திருக்கலாம், உண்மைதான். அப்படி எடுத்தால் யாருக்குத் தெரியும்? உடைந்து கிடக்கிறதைப் பார்த்தால்தான் ஏன் உடைந்தது என்று கேட்பார்கள். கேட்டால் அடுப்புக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"உளி எறங்கினா இந்த ஊர்ல ஒரு சூளை உனக்குக் கெடையாது" என்றார் முதலாளி.

"வேணாம் சார்" என்றேன்.

அடித்தேன். பெரிய தாமரை இரண்டாகப் போனது. சீப்பு பிடித்துக் கட்டை செய்த பெண்கள்தான் அந்தப் பூவையும் செய்தவர்கள். அவர்களை நினைத்துக் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடி அடித்தேன். முதலாளி என் கையைப் பிடிக்க வரவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் கீழே உட்கார்ந்து, விழுந்த துண்டுகளைத் தொப்பியில் பொறுக்க ஆரம்பித்தார். "என் கையை எல்லார் முன்னாடியும் காட்டிக் குடுத்துட்டல்ல?" என்றார், நிமிராமல்.

"என் கையையும்தாண்ணே காட்டிக்கிட்டேன்."

அவர் இன்னும் இரண்டு துண்டைப் பொறுக்கிவிட்டு, "அந்த ஓரத்து டைல்ஸை விட்டுடு, அது குழாய்க்குக் குறுக்க வரல" என்றார். விட்டுவிட்டேன்.

தகட்டை அறுத்து எடுத்து, கைப்பிடி இருந்த துளைக்கு ஒட்டுப் போட்டு ரிவிட் அடித்தேன். ஊதுபத்தி பிடித்துப் பார்த்தேன். சரியாக இழுத்தது. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது முதலாளி இன்ஜினியரிடம், "அந்தப் பொண்ணை நாளைக்கு வரச் சொல்லிடுங்க. வரலன்னா அதுக்கும் ஒரு கதை கட்டுவானுங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. "நீங்களா கத்துனீங்க?" என்றாள் மனைவி. ஆமாம் என்றேன். "நீங்களா?" என்று மறுபடி கேட்டாள். தகட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பித்தளைக் கைப்பிடி அதில் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு லாட்ஜ் திறப்பு விழா நடந்தது. அடுப்பை ஏற்றவில்லை. உடைந்த இடத்துக்கு முன்னால் குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள் என்று சொன்னார்கள். அந்தப் பெண் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தது. நான் நல்லூரில் ஒரு டீக்கடைக்குப் புகைக்குழாய் மாட்டப் போயிருந்தேன். அதில் டேம்பர் வைக்கவில்லை.